'யேகோவா ராஃபா' என்று சொல்லாததால்தான் என் மகனுக்குச் சுகம் வரவில்லையா?

ரங்கூனில் வசிக்கும் ஒரு சகோதரியின் நீண்ட கடிதம் வந்திருக்கிறது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவருடைய 14 வயது மகனுக்கு மூன்று வருடமாக வலிப்பு. மருத்துவர் கொடுத்த மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிட்டுவந்தான். வலிப்பு குறைந்தது, ஆனால் முழுதாக நிற்கவில்லை. பக்கத்தில் வீட்டு ஜெபக்கூட்டம் நடத்தும் ஒரு ஊழியக்காரர், "நீங்கள் சரியான நாமத்தைச் சொல்லி ஜெபிப்பதில்லை, அதனால்தான் பதில் இல்லை" என்றிருக்கிறார். 'தேவன்' கோயிலில் சொல்லும் சொல்லாம். கடவுளுக்குப் பர்மிய மொழியில் சொல்லும் 'பயா' புத்தருக்கு உரியதாம். 'ஆண்டவர்' வெறும் பட்டமாம். யேகோவாவின் ஏழு நாமங்களை ஏழு வாரம், வாரத்துக்கு ஒன்றாக, நாளுக்கு ஏழு முறை உச்சரிக்க வேண்டும். வாரந்தோறும் அந்தந்த நாமத்துக்கு ஓர் உறையில் காணிக்கை வைக்க வேண்டும். ஏழு நாமமும் அச்சிட்ட அட்டையின் படம் வைபரில் வந்திருக்கிறது. 'விசுவாசம் முழுமையாக இருக்க' இரவு மாத்திரையை நிறுத்தும்படியும் சொல்லப்பட்டிருக்கிறது. சகோதரி நிறுத்திப் பத்து நாளாகிறது. இரண்டு உறை கொடுத்தாயிற்று.

வீட்டில் மாமியார் கத்தோலிக்கர். பழைய வழக்கப்படி 'சர்வேசுரா' என்று அழைத்து ஜெபிப்பவர். பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அவர்கள் கையில் இருப்பது பர்மிய வேதாகமம். மகன் பர்மிய மொழியில் ஜெபித்தபோது தாய் தடுத்திருக்கிறார். அவன் கேட்டானாம்: "அம்மா, பயாவுக்குப் பர்மா பாஷை தெரியாதா?" அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாத்திரையைப் பற்றிப் பேசிவிடுவோம். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினாலோ குறைத்தாலோ, இதுவரை வந்ததைவிடக் கடுமையான, நிற்காமல் தொடரும் வலிப்பு வரக்கூடும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். இன்றைக்கே மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள். பத்து நாளாக இரவு மாத்திரை கொடுக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அவர் உங்களைக் கடிந்துகொண்டாலும் பரவாயில்லை. விட்ட மாத்திரையை எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்பதை அவரே சொல்லட்டும், ஏனென்றால் சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். அதுவரை காலை மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. வலிப்பு வந்தால் பையனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். கையில் சாவியோ இரும்போ கொடுத்துப் பயனில்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அல்லது நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தால், உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்று வேதத்தில் எங்கும் இல்லை. எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார், கர்த்தர் கேட்டார். அதே அதிகாரத்தில் ஏசாயா தீர்க்கதரிசி அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொல்கிறார் (ஏசாயா 38:21). வலிப்பு என்றாலே பிசாசுதான் என்று யாராவது பயமுறுத்தினால் மத்தேயு 4:24-ஐ எடுத்துப் பாருங்கள். இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களின் வரிசையில் பிசாசு பிடித்தவர்கள் ஒரு வகையாகவும் சந்திரரோகிகள், அதாவது வலிப்புள்ளவர்கள், வேறொரு வகையாகவும் பிரித்தே சொல்லப்பட்டிருக்கிறார்கள்.

அட்டையில் இருக்கும் ஏழு நாமங்கள்

அட்டையில் எழுதியிருப்பவை எல்லாம் வேதத்திலிருந்து எடுத்தவைதான். ஆனால் ஒவ்வொன்றும் வேதத்தில் எதன் பெயராக இருக்கிறது என்று பாருங்கள். 'யேகோவாயீரே' ஆபிரகாம் ஓர் இடத்துக்கு வைத்த பெயர் (ஆதியாகமம் 22:14). 'யேகோவாநிசி' மோசே கட்டிய பலிபீடத்தின் பெயர் (யாத்திராகமம் 17:15). 'யேகோவா ஷாலோம்' கிதியோன் கட்டிய பலிபீடத்தின் பெயர் (நியாயாதிபதிகள் 6:24). 'யேகோவா ஷம்மா' எசேக்கியேல் தரிசனத்தில் கண்ட நகரத்தின் பெயர் (48:35). 'சிட்கேனு', அதாவது 'நமது நீதியாயிருக்கிற கர்த்தர்', வரப்போகும் ராஜாவுக்கு எரேமியா 23:6-இல் இடப்படும் பெயர். அதே புத்தகத்தின் 33:16-இல் அது எருசலேமுக்கு ஆகிறது. மிஞ்சியிருக்கும் ராஃபாவும் ரோஹியும் பெயர்களே அல்ல, வாக்கியங்கள். 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்ற 23-ஆம் சங்கீதத்தின் முதல் வரிதான் ரோஹி.

ராஃபா இன்னும் கவனிக்க வேண்டியது. யாத்திராகமம் 15:26-இல் "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்" என்று அவரே தம்மைப் பற்றிச் சொல்கிறார். எபிரெயத்தில் அங்கே நிற்கும் சொல் 'ரோஃபெகா', 'உன்னைக் குணமாக்குகிறவர்'. 'ராஃபா' என்பது அகராதியில் தேடும்போது கிடைக்கும் வேர்ச்சொல். நாளுக்கு ஏழு முறை சரியாக உச்சரிக்கும்படி உங்களுக்குக் கொடுத்திருக்கும் அந்த வடிவம், அட்டை காட்டும் அந்த வசனத்திலேயே இல்லை. இதைச் சொல்வது அந்தச் சொல்லைக் குறைப்பதற்காக அல்ல. மாராவின் கசப்புத் தண்ணீர் மதுரமான பிறகு, தாகத்தால் முறுமுறுத்த ஜனத்துக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு அது. அதன் பாரம் 'உன்' என்ற சொல்லில் இருக்கிறது. உன்னை எனக்குத் தெரியும், உன்னைக் குணமாக்குகிறவர் நான் என்கிறார். ஒலியை மட்டும் உருவிக்கொண்டு வாக்கை விட்டுவிட்டால் கையில் என்ன மிஞ்சும்?

யீரே என்பதிலும் ஓர் அழகு இருக்கிறது. அதன் வேர் 'பார்' என்பது. 'தருகிறவர்' என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். நம் பழைய தமிழ் வேதாகமமோ "கர்த்தருடைய பர்வதத்திலே பார்த்துக்கொள்ளப்படும்" என்று எழுதியது. 'ஆண்டவர் பார்த்துக்குவார்' என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதில் பார்வையும் பராமரிப்பும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதுபோல எபிரெயத்திலும் அடங்கியிருக்கிறது.

யேகோவா என்ற ஒலி

எபிரெய வேதத்தில் கடவுளின் தனிப்பெயர் நான்கு மெய்யெழுத்துகளால் ஆனது. 6,800 தடவைக்கு மேல் வருகிறது. பயபக்தியினால் யூதர்கள் அதை உச்சரிப்பதை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் 'அதோனாய்', அதாவது 'ஆண்டவர்', என்று வாசித்தார்கள். பிற்காலத்தில் வேதப்பிரதியில் உயிர்க்குறிகள் இட்ட அறிஞர்கள், வாசிப்பவருக்கு நினைவூட்ட, அந்த நான்கு எழுத்துக்கு அதோனாயின் உயிர்க்குறிகளைப் போட்டார்கள். இரண்டையும் சேர்த்து வாசித்ததில் பிறந்த வடிவம்தான் 'யேகோவா'. பழைய உச்சரிப்பு 'யாவே'யை ஒட்டியிருந்திருக்கும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. 'யேகோவா' என்று பாடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த வடிவத்தில் அழைத்த கோடிக்கணக்கான பேரின் ஜெபம் ஜெபம்தான். ஆனால் அந்த ஒலி சரியாக இல்லாவிட்டால் ஜெபம் மேலே போகாது என்பவர், தம் வாயிலுள்ள ஒலியே பிற்காலத்தில் சேர்ந்த வடிவம் என்பதை யோசிக்க வேண்டும்.

புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டபோது அந்தப் பெயரின் இடத்தில் 'கூரியோஸ்', அதாவது 'கர்த்தர்', என்ற பட்டம்தான் நின்றது. ஜெபிக்கக் கற்றுத்தரும்படி சீஷர்கள் கேட்டபோது இயேசு நான்கு எழுத்தின் உச்சரிப்பைக் கற்றுத்தரவில்லை. 'பிதாவே' என்று சொல்லச் சொன்னார். கெத்செமனேயில் அவர் அழைத்த 'அப்பா' அரமேயச் சொல். நம் தமிழ் அப்பாவைப்போல ஒலிப்பது தற்செயல், ஆனாலும் தமிழ்க் காதுக்கு இதமான தற்செயல். கத்தோலிக்கத் திருச்சபை 2008-இல், வழிபாட்டில் அந்த நான்கெழுத்துப் பெயரை உச்சரிக்காமல் 'ஆண்டவர்' என்றே சொல்லும்படி அறிவுறுத்தியது. 'ஆண்டவர்' வெறும் பட்டம் என்று ஊழியக்காரர் சொன்னாரே, அந்தப் பட்டத்தைத்தான் இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக அந்தப் பெயரின் ஸ்தானத்தில் வைத்து ஜெபிக்கிறார்கள்.

உங்கள் மகனைப்போன்ற ஒரு பையனுக்காக வந்த தகப்பனின் கதையையும் பாருங்கள். மாற்கு 9:17-இல் அவன் இயேசுவைப் 'போதகரே' என்று அழைக்கிறான். அதே நிகழ்ச்சி மத்தேயு 17:15-இல் வரும்போது அந்தச் சொல் 'ஆண்டவரே' என்று இருக்கிறது. அழைத்த பட்டத்தில்தான் சுகம் இருந்தது என்றால், எது சரியான சொல் என்பதில் இரண்டு சுவிசேஷங்களும் ஒன்றுபட்டிருக்க வேண்டும். இரண்டு கதையிலும் பையன் குணமானான்.

தேவன், சர்வேசுரன், பயா

'தேவன்' கோயிலில் வழங்கும் சொல் என்பது உண்மை. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. 'தியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லும் சீயுஸ் முதலான கிரேக்கத் தெய்வங்களுக்கு வழங்கியதுதான். அதைத்தான் பவுலும் யோவானும் எடுத்துக்கொண்டார்கள். பத்துக் கட்டளையில் "உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்பதிலும் அடுத்த வரியிலுள்ள "வேறே தேவர்கள்" என்பதிலும் எபிரெயத்தில் இருப்பது 'ஏலோஹீம்' என்ற ஒரே சொல். யாரைக் குறித்து, எந்தக் கதையோடு சேர்த்துச் சொல்கிறோம் என்பதால்தான் பொருள் நிலைபெறுகிறது. வேறு மதத்தார் வாயில் படாத சொல் வேண்டும் என்றால் எந்த மொழியிலும் ஜெபிக்க முடியாது.

தமிழிலேயே இந்தச் சொல் எத்தனை தடவை மாறியிருக்கிறது! 1715-இல் அச்சான புதிய ஏற்பாட்டில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 'சர்வேசுரன்' என்றார். ஆக, உங்கள் மாமியாரின் சொல் சீர்திருத்த சபையாரின் முதல் தமிழ் வேதத்திலும் இருந்த சொல். பின்னர் வந்த மொழிபெயர்ப்பாளர் ஃபபிரீசியஸ் 'பராபரன்' என்றார். 1871-இல் வெளிவந்து நம் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்கிறது. ஒரு சொல்லில் ஜெபித்தவர்களின் ஜெபம் கேட்கப்பட்டது, அடுத்த தலைமுறையினுடையது தள்ளப்பட்டது என்று யாரும் சொல்ல முடியுமா? மாமியாரைத் திருத்த வேண்டாம். அவர் ஜெபிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்லுங்கள்.

பர்மிய மொழியில் கேள்வி கொஞ்சம் கூர்மையானது, ஏனென்றால் 'பயா' என்பது புத்தருக்கும் பகோடாவுக்கும் வழங்குகிறது. பிக்குகளிடம் பேசும்போது மரியாதைச் சொல்லாகவும் வருகிறது. 1813-இல் ரங்கூனில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் இதை அறியாதவர் அல்ல. 1834-இல் மோல்மீனில் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்து முடித்தபோது அவர் வெறும் 'பயா'வோடு நிறுத்தவில்லை. 'பயா தக்கின்' என்று எஜமான் என்ற சொல்லையும் சேர்த்தார். தக்கின் என்றால் எவ்வளவு கனமான சொல் என்று நம் ஊர்க்காரருக்குத் தெரியும். வெள்ளைக்காரரை அப்படி அழைக்க வேண்டியிருந்த காலத்தில், 1930-களில், பர்மிய விடுதலை இயக்கத்தின் ஆங் சானும் நூவும் 'இந்நாட்டுக்கு எஜமானர் நாங்களே' என்று காட்டத் தங்கள் பெயருக்கு முன்னால் தக்கின் என்று போட்டுக்கொண்டார்கள். பட்டம் என்பது யாருக்கு நாம் கீழ்ப்பட்டவர்கள் என்று சொல்லும் சொல்.

நான்கெழுத்துப் பெயர் வரும் இடங்களில் உங்கள் மகனின் வேதாகமத்தில் 'தாவர பயா' என்று இருக்கும். அந்தத் 'தாவர' பாலியிலிருந்து வந்தது. நிலைபெயராதது என்று பொருள். இடம் பெயராமல் நிற்பதால் செடிகொடிக்கு நாம் 'தாவரம்' என்கிறோமே, அதே வேர். முட்செடியின் நடுவிலிருந்து "இருக்கிறவராக இருக்கிறேன்" என்று மோசேக்குச் சொன்னவருக்கு, என்றும் மாறாமல் நிலைத்திருப்பவர் என்று பொருள்படும் பெயர். 'கர்த்தர்' என்ற நம் சொல் 'செய்கிறவர்' என்பதிலிருந்து வருவது. இந்த ஓரிடத்தில் பர்மியச் சொல் எபிரெயத்துக்கு நம்முடையதைவிட நெருக்கமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் பட்டங்கள் எதற்கு

எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒன்றுதான், யோசிக்கவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டங்களை நான் மிகவும் நேசிக்கிறேன். அவற்றை மந்திரமாக்குவதைக் கண்டு மனம் வருந்துவதும் அதனால்தான். ஒவ்வொரு பட்டமும் அவர் முன்பு என்ன செய்தார் என்ற நினைவு. அந்த நினைவின்மேல் நின்று நாம் கேட்கிறோம். பழைய ஆராதனைப் புத்தகங்களில் ஞாயிறுதோறும் வரும் சின்ன ஜெபங்கள் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன: முதலில் அழைப்பு, அடுத்து அவர் அப்படிப்பட்டவர் என்பதற்கு ஆதாரமாக அவர் செய்த ஒன்று, பிறகு ஒரே ஒரு விண்ணப்பம், அது எதற்காக என்ற நோக்கம், கடைசியில் இயேசுவின் மூலமாக என்ற முடிவு. அப்போஸ்தலர் 4:24 முதல் 30 வரை வாசித்தால் இதே அமைப்பைக் காணலாம். மிரட்டப்பட்ட சபை, வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரே என்று தொடங்கி, மிரட்டலைக் கவனித்துத் தைரியம் தாரும் என்று கேட்கிறது. அழைத்த பட்டமும் கேட்ட காரியமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

பெரும்பாலும் தவறுவது இந்தப் பொருத்தத்தில்தான். பத்துப் பட்டங்களை அடுக்கிவிட்டு, அவற்றில் ஒன்றோடும் சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்கிறோம். 'பிதாவே, எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே' என்கிறோம், மரித்தவர் குமாரன். அடுத்து என்ன சொல்வது என்று தெரியாத இடத்தை எல்லாம் 'ஆண்டவரே, ஆண்டவரே' என்று நிரப்புகிறோம். 'இயேசுவின் நாமத்தில்' என்பதை முத்திரைபோலக் கடைசியில் குத்துகிறோம். அவருடைய பேரால், அவருக்குச் சம்மதமானதைக் கேட்கிறேன் என்பதே அதன் பொருள். அந்த நாமத்தை உறவில்லாமல் பிரயோகித்துப் பார்த்த ஸ்கேவாவின் ஏழு குமாரருக்கு எபேசுவில் என்ன நடந்தது என்பது அப்போஸ்தலர் 19-இல் இருக்கிறது. யாரை நோக்கி ஜெபிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். பிதாவை நோக்கி, குமாரன் மூலமாக, ஆவியானவரின் துணையோடு ஜெபிப்பது சபையின் வழக்கமான முறை. இயேசுவையே நேராக அழைப்பதும் சரிதான்; ஸ்தேவான் சாகும்போது அப்படித்தான் அழைத்தார்.

உங்களுக்கு ஒரு பட்டத்தைச் சொல்லட்டுமா? ஆகார் அந்நிய வீட்டில் வேலைக்காரி. வனாந்தரத்தில் தன்னோடு பேசினவருக்கு அவள் "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று பேரிட்டாள் (ஆதியாகமம் 16:13). பிற்பாடு அவள் மகன் தாகத்தால் சாகக் கிடந்தபோது, தேவன் பிள்ளையின் சத்தத்தைக் கேட்டார் என்று 21-ஆம் அதிகாரம் சொல்கிறது. அவன் எந்த நாமத்தைச் சொல்லிக் கூப்பிட்டான் என்று அங்கே எழுதவில்லை. நான் சொன்ன அமைப்பில் உங்கள் ஜெபம் இப்படி இருக்கலாம்:

"என்னைக் காண்கிற தேவனே, ஆகாருடைய பிள்ளையின் சத்தத்தைக் கேட்டீரே. என் மகனை இன்றிரவு வலிப்பு வராமல் காத்தருளும். மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் மருத்துவருக்குத் தெளிவைத் தாரும். அவன் பயமில்லாமல் தூங்கிப் பள்ளிக்குப் போகட்டும். இயேசுவின் மூலம் கேட்கிறேன். ஆமென்."

ஒரு தடவை சொன்னால் போதும். மறுநாள் மறுபடி கேட்பது வேறு. அது தாயின் மனம். எண்ணிக்கை வைத்துச் சொல்வதைத்தான் மத்தேயு 6:7 தடுக்கிறது. இப்படி ஜெபித்தால் வலிப்பு நிச்சயம் நிற்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். அப்படி வாக்குக் கொடுக்க எந்த ஊழியருக்கும் அதிகாரம் இல்லை. நிற்காவிட்டால் அதற்கு உங்கள் நாக்கோ உங்கள் விசுவாசமோ காரணம் என்ற பாரத்தை மட்டும் இறக்கி வையுங்கள்.

மீதி உறைகள்

பொருத்தனை செய்துவிட்டோமே, பாதியில் விட்டால் சாபம் வருமோ என்று பயப்படுகிறீர்கள். கர்த்தருக்குச் செய்த பொருத்தனையைச் செலுத்த வேண்டும் என்று வேதம் சொல்வது உண்மை. ஆனால் நீங்கள் ஒப்புக்கொண்டது ஒரு மனிதர் வகுத்த திட்டம், அதுவும் பிள்ளையின் உயிரைக் காட்டிப் பயமுறுத்தி வாங்கிய ஒப்புதல். சுகத்துக்கு நாமம் ஒன்று, நாமத்துக்கு உறை ஒன்று என்றால் அது காணிக்கை அல்ல, விலை. தேவனுடைய வரத்தைப் பணத்தால் வாங்க நினைத்த சீமோனைப் பேதுரு எப்படிக் கண்டித்தார் என்று அப்போஸ்தலர் 8:20-இல் இருக்கிறது. மீதி ஐந்து உறைகளை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. கொடுத்த இரண்டைத் திரும்பக் கேட்டுச் சண்டை வளர்ப்பதால் உங்களுக்கு நிம்மதி வராது என்பது என் கருத்து, முடிவு உங்களுடையது.

அந்த ஊழியக்காரரிடம் தனியாகப் போய் வாதாட வேண்டாம். கணவரை அழைத்துக்கொண்டு முதலில் உங்கள் சபைப் போதகரிடம் எல்லாவற்றையும், மாத்திரை நிறுத்தச் சொன்னதையும் சேர்த்து, சொல்லுங்கள். அதே கூட்டத்துக்கு நீரிழிவுக்காரரும் இரத்த அழுத்தக்காரரும் வரக்கூடும். அவர்களும் மருந்தை விடுவதற்குமுன் போதகர் பேசட்டும். கூட்டத்திலிருந்து யாராவது கேட்டால், "மருத்துவர் சொன்னபடி மருந்து கொடுக்கிறோம், எங்கள் சபையில் ஜெபிக்கிறோம்" என்ற ஒரு வரி போதும்.

இனி உங்கள் மகனின் கேள்வி. பெந்தெகொஸ்தே நாளில் கூடிவந்த ஜனங்கள், தேவனுடைய மகத்துவங்களை அவரவர் தங்கள் சொந்தப் பாஷையில் கேட்டார்கள் என்று அப்போஸ்தலர் 2 சொல்கிறது. பயாவுக்குப் பர்மா பாஷை தெரியும் என்று அவனிடம் சொல்லுங்கள். தடுத்தது உங்கள் பயத்தினால்தான் என்றும் சொல்லுங்கள். பிள்ளையிடம் அதை ஒப்புக்கொள்வதில் குறைவு இல்லை. மருத்துவர் சொன்ன அளவில் இரவு மாத்திரையைக் கொடுத்த பிறகு, அவனுடைய பர்மிய வேதாகமத்தில் 23-ஆம் சங்கீதத்தை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். முதல் சொல்லே 'தாவர பயா'. அவன் பர்மிய மொழியில் ஜெபிக்கட்டும், நீங்கள் தமிழில் ஆமென் சொல்லுங்கள்.